கோட்டைக்குள் நின்று ‘கோட்டை எங்கே?’ என்று கேட்காமல் இருக்க

கேள்வி: வெள்ளவத்தையிலிருந்து ஒரு வானில் எட்டுப் பேர் திருகோணமலைக்கு வருகிறோம். கனடாவிலிருந்து வந்திருக்கும் மாமா, மாமி, அவர்களது இரண்டு பிள்ளைகள், எழுபது தாண்டிய அம்மம்மா எல்லோரும் உண்டு. போன முறை எங்கள் சொந்தக்காரர் கோணேசர் கோயிலுக்குப் போய் அர்ச்சனைத் தட்டை மானிடம் பறிகொடுத்து, நடுப்பகல் பாறையில் கால் சுட்டுத் துள்ளி, கோட்டையையே காணாமல் திரும்பி வந்தார்கள். வீட்டில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறோம். நாங்கள் எப்படிப் போனால் ஒழுங்காகப் பார்க்கலாம்?

பதில்:

உங்கள் சொந்தக்காரருக்கு நடந்த மூன்றும் கோணமலையில் கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் நடப்பவை. மூன்றுக்கும் காரணம் உண்டு, மூன்றையும் தவிர்க்கலாம். வானைக் கோட்டை வாசலுக்கு வெளியே மைதானப் பக்கம் நிறுத்துங்கள். காலை ஆறரைக்கு முன் உள்ளே நடக்கத் தொடங்குங்கள். கையில் தின்பதற்கு எதுவும் தெரியும்படி வைத்திருக்காதீர்கள்.

முதலில் கோட்டையைக் காணாமல் போனதைப் பார்ப்போம். யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்த்துப் பழகியவர்கள் நட்சத்திர வடிவில், சுற்றிவர அகழியோடு ஒன்றை எதிர்பார்த்து வருகிறார்கள். கோணேசர் கோயில் இருக்கும் பிரெட்ரிக் கோட்டை அப்படிக் கட்டப்படவில்லை. கடலுக்குள் நீண்டு கிடக்கும் ஒரு மலைமுனை முழுவதும்தான் கோட்டை. ஒருபுறம் ஒல்லாந்தர் குடா, மறுபுறம் பின்குடா, கிழக்கே செங்குத்தாகக் கடலில் இறங்கும், சுவாமி மலை என்றும் சொல்லப்படும் கோணமலை. கடலே மூன்று பக்கமும் காவல் என்பதால் பெரிய மதிலும் வாசலும் நகரத்தைப் பார்த்த கழுத்துப் பகுதியில்தான் எழுந்து நிற்கின்றன. வானில் வருபவர்கள் அந்த வளைவுக்குக் கீழால் சில வினாடிகளில் கடந்துவிடுகிறார்கள். பிறகு மரநிழல், மான், கடைவரிசை, கோயில். எல்லாம் முடிந்து மேலே நின்று கடைக்காரரிடம் “அண்ணை, கோட்டைக்கு எந்தப் பக்கம்?” என்று கேட்பார்கள். “ஐயா, நீங்கள் அதுக்குள்ளதான் நிக்கிறீங்கள்” என்ற பதிலை அந்தக் கடைக்காரர்கள் எத்தனையோ தரம் சொல்லியிருப்பார்கள்.

ஆகவே வாசலில் இறங்குங்கள். இந்த இடத்தின் முழு வரலாறும் அந்த ஒற்றை வாசலில் இருக்கிறது. இருபது நிமிடம் அங்கே நிற்காமல் போகிறவர்களுக்கு மேலே காண்பது பாதிதான் விளங்கும்.

வளைவின் மேலே ஆங்கிலேய அரச இலச்சினை இருக்கிறது. படம் எடுப்பவர்கள் எல்லோரும் அண்ணாந்து அதை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நீங்கள் கீழே பாருங்கள். வாசலின் பக்கக் கற்களில் இரண்டு கயல்மீன்களும் தேய்ந்துபோன தமிழ் எழுத்துகளும் உள்ளன. மீன் பாண்டியரின் சின்னம். 13ஆம் நூற்றாண்டில் சடையவர்மன் வீரபாண்டியன் ஈழத்தின் மேல் படையெடுத்து வந்து கோணமலையில் கயல் பொறித்ததைப் புதுக்கோட்டைக்குப் பக்கத்திலுள்ள குடுமியான்மலைக் கல்வெட்டு கூறுகிறது. கோயிலுக்குரிய கல் கோட்டை வாசலுக்கு ஏன் வந்தது என்று பிள்ளைகள் கேட்டால் அங்கேயே சொல்லிக் கொடுங்கள். 1622இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா மலைமேல் இருந்த கோயிலை இடித்தான். அது சித்திரைப் புத்தாண்டு நாள் என்றும், சுவாமி ஊர்வலமாக நகருக்குப் போயிருந்த வேளையில் படைவீரர் பூசகர் வேடத்தில் உள்ளே புகுந்தார்கள் என்றும் ஊர் வழிவழியாகச் சொல்லி வருகிறது. இடித்த கற்களில் ஒரு பகுதி கடலில் விழுந்தது, இன்னொரு பகுதி புதுக் கோட்டையின் சுவருக்குப் போனது. மதிலோரமாக நடக்கும்போது மற்றக் கற்களோடு சேராத, செதுக்கிய கல் ஏதாவது தென்பட்டால் அது எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

அந்த எழுத்துகளைப் பற்றி ஒரு விசயம். “முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே” என்று தொடங்கி, பூனைக்கண், செங்கண், புகைக்கண் என்று அடுத்தடுத்து ஆள வருபவர்களைச் சொல்லும் பாட்டு ஊரில் எல்லோருக்கும் தெரியும். குளக்கோட்டன் இந்தக் கோயிலைக் கட்டியதாக மரபு சொல்லும் மன்னன், பறங்கி என்பது போர்த்துக்கேயர். அது முழுவதும் கல்லில் இருக்கும் என்று நினைத்து வருபவர்கள் கல்லுக்கு முன்னால் மூக்கு முட்ட நின்று தேடுவார்கள். கல்லில் இன்று மிஞ்சியிருப்பது உடைந்த சில எழுத்துகள்தான். பாட்டின் முழு வடிவம் மரபில் வந்தது. பூனைக்கண்ணன் யார், புகைக்கண்ணன் யார் என்று வழிகாட்டிகள் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் மூவரையும் மாற்றி மாற்றிப் பொருத்துவார்கள். அதற்காக அவர்களோடு சண்டைக்குப் போகவேண்டாம்.

எழுத்தைப் பார்க்கும் முறை: போன் விளக்கைக் கல்லுக்கு நேரே பிடித்தால் எல்லாம் தட்டையாக வெளிறிவிடும். விளக்கைக் கல்லோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடியுங்கள். பள்ளங்களில் நிழல் விழும், மீனின் உடலும் எழுத்தின் கீறல்களும் எழுந்து வரும். ஒருவர் விளக்கைப் பிடிக்க மற்றவர் படம் எடுக்கலாம். தண்ணீர் ஊற்றுவது, சுண்ணக்கட்டி தேய்ப்பது, திருநீறு பூசுவது எதையும் செய்யாதீர்கள். எழுத்து தெளிவதற்குப் பதிலாக ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தேய்ந்துதான் போகும். இன்னொன்று, அந்த வளைவு ஒடுங்கியது, அதற்குள்ளால்தான் ஓட்டோ, வான், பஸ் எல்லாம் போகும். பின்னால் பார்க்காமல் படத்துக்காகப் பின்னோக்கி நடப்பதுதான் அங்கே நடக்கும் ஆபத்தான வேலை. பிள்ளைகளைச் சுவரோடு நிறுத்துங்கள். உள்ளே இராணுவ முகாம் இருக்கிறது. காவலுக்கு நிற்பவரையும் முகாம் கட்டடங்களையும் படம் எடுக்கவேண்டாம். வாசலைப் படம் எடுக்கலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள்.

போர்த்துக்கேயருக்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1639இல் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் பிடித்தார்கள். 1665இல் மீண்டும் கட்டினார்கள். 1672இல் பிரெஞ்சுக்காரர் எட்டிப் பார்த்தார்கள். 1782ஆம் ஆண்டுதான் விசேஷம்: சனவரியில் ஆங்கிலேயர் பிடிக்க, ஓகஸ்ட் மாதமே பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரென் அவர்களிடமிருந்து பிடித்தான். பிறகு ஒல்லாந்தரிடம் திரும்பி, 1795இல் ஆங்கிலேயரிடம் நிலைத்தது. 1803இல் யோர்க் கோமகனாகிய பிரெட்ரிக்கின் பெயரை வைத்தார்கள். இத்தனை பேரும் அடிபட்டது பக்கத்திலிருக்கும் இயற்கைத் துறைமுகத்துக்காக. வங்காள விரிகுடாவில் வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்திலும் கப்பல்கள் ஒதுங்கக்கூடிய ஆழமான இடம் வேறு அதிகம் இல்லை.

உள்ளே ஏறும்போது ஒரு பழைய வெள்ளை வீட்டைக் காட்டி ‘வெலிங்டன் பிரபு இருந்த வீடு’ என்பார்கள். 1800 முடிவிலும் 1801 தொடக்கத்திலும் பின்னாளில் வெலிங்டன் பிரபுவான ஆதர் வெல்லெஸ்லி படையோடு திருகோணமலையில் தங்கியது உண்மை. 1815இல் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர் இவர்தான். வெளியே நின்று பார்த்துவிட்டு நடையைக் கட்டலாம்.

இனி மான். வாசல் தொடங்கிக் கோயில் வரை புள்ளிமான்கள் திரியும். மைதானத்திலும் கடற்கரையிலும் பஸ் நிலையப் பக்கத்திலும்கூட நிற்கும். மனிதரைக் கண்டு ஓடாது. ஆனால் அவை வளர்ப்பு மான்கள் அல்ல, காட்டு மான்கள் நகரத்துக்குப் பழகிப்போனவை. இதை மறப்பதில்தான் எல்லாக் கூத்தும் தொடங்குகிறது.

அர்ச்சனைத் தட்டில் வாழைப்பழம், வெற்றிலை, பூமாலை, தேங்காய் இருக்கும். மானுக்குத் தேங்காய் தவிர மற்ற எல்லாம் தீன். கோயிலுக்குக் கீழுள்ள கடைகளில் தட்டை வாங்கி இடுப்பளவில் ஏந்திக்கொண்டு, மறுகையால் படம் எடுத்தபடி நடப்பவர்தான் அதற்குத் தேவை. அது பின்பக்கமாக, சத்தமில்லாமல் வரும். முதலில் வெற்றிலை போகும், பிறகு மாலை. மாலையின் ஒரு நுனி மானின் வாயிலும் மறு நுனி மாமியின் கையிலுமாக இழுபறி நடப்பதைப் பார்க்க எல்லோருக்கும் சிரிப்பு வரும். அந்த இழுபறியில் விட்டுவிடுங்கள், மான் வெல்லட்டும். கொம்புள்ள கிடாய் தலையை ஆட்டினால் முகத்தில்தான் படும். மாலை போனால் இன்னொன்று வாங்கலாம். இதைத் தவிர்க்க வழி சுலபம்: தட்டைக் கோயிலுக்கு மிக அருகிலுள்ள கடையில் வாங்குங்கள், நெஞ்சுக்கு மேலே பிடியுங்கள், பழத்தைத் துணிப்பைக்குள் வைத்து வாசலில் தட்டில் அடுக்குங்கள். பொலித்தீன் பை வேண்டவே வேண்டாம்.

பொலித்தீனைப் பற்றி அழுத்திச் சொல்லவேண்டும். இந்த மான்களைக் கொல்வது அதுதான். பழம், பாண், கச்சான் சுற்றிவந்த பையில் உப்பும் இனிப்பும் ஒட்டியிருக்கும், மான் பையையே மென்று விழுங்கிவிடும். அசைபோடும் மிருகத்தின் வயிற்றில் அது செரிக்காது, வெளியேறாது, உருண்டையாகத் திரண்டு இடத்தை அடைத்துவிடும். வயிறு நிறைந்த உணர்வோடு மெலிந்து சாகும். கனடாவிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு மானுக்குத் தீன் கொடுக்க ஆசை இருக்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். பாணும் பிஸ்கற்றும் அவற்றின் வயிற்றுக்கு ஆகாது, அதோடு கையில் தீன் பார்த்துப் பழகிய மான்தான் அடுத்தவரின் தட்டைப் பறிக்கிறது. குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் போய் நின்று படம் எடுப்பதும் கூடாது.

குரங்குகள் வேறு வகை. அவற்றுக்குத் தட்டைவிடப் பைதான் கண். சிப் திறந்த கைப்பை, தோளில் தொங்கும் சோடாப் போத்தல், தலையில் ஏற்றிவைத்த கறுப்புக் கண்ணாடி எல்லாம் ஆபத்தில் இருக்கின்றன. அம்மம்மாவின் மூக்குக்கண்ணாடியை நூலில் கட்டிக் கழுத்தில் மாட்டிவிடுங்கள்.

அடுத்தது கால் சுட்டது. வாசலிலிருந்து கோயிலுக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர், போகப் போக ஏற்றம். செருப்பைக் கோயிலுக்குச் சற்று முன்பே கழற்றிவைக்க வேண்டும். அதன் பிறகு கோயில் வீதி, படிகள், இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவு எல்லாம் வெறுங்காலோடுதான். காலை எட்டு மணிவரை தரை குளிர்ச்சியாக இருக்கும். பத்து மணிக்குப் பிறகு சீமெந்தும் கல்லும் சூடேறி, பின்னேரம் நான்கு மணி தாண்டியும் அந்தச் சூடு இறங்காது. மே முதல் செப்ரெம்பர் வரை இங்கே கச்சான் காற்றுக் காலம். தரைப்பக்கமிருந்து வரண்டு வீசும் காற்று, வெயில் 35 பாகை வரை ஏறும். நடுப்பகலில் வந்த பெரியவர்கள் ஒரு நிழலிலிருந்து மறு நிழலுக்குத் தாவித் தாவி ஓடுவது தினசரிக் காட்சி. காலுறை போட்டுக்கொண்டு சமாளிக்கலாம் என்று சிலர் வருவார்கள். தேய்ந்த கல்லில் காலுறை வழுக்கும், விளிம்புப் பக்கம் அது கூடவே கூடாது. காலையில் வருவதுதான் மருந்து. தப்பிப்போய் நேரம் சென்றுவிட்டால் முதலில் வெட்டைப் பார்த்து முடித்துக்கொண்டு, பிறகு கோயிலுக்குள் போய் நிழலில் இருங்கள்.

மழைக்கோ வெயிலுக்கோ குடை கொண்டுவருபவர்களுக்கும் ஒரு சொல். மலை உச்சியில் காற்று சுழன்று அடிக்கும். குடை உள்ளே வெளியாகப் புரளும், அல்லது கையோடு இழுத்துக்கொண்டு கடலுக்குப் போகும். தொப்பிக்கு நாடா இருக்கட்டும். சேலை, துப்பட்டா முந்தானையை ஊசியால் குத்திக்கொள்ளுங்கள்.

உடை: முழங்கால் மூடவேண்டும், தோள் மூடவேண்டும். காற்சட்டையோடு வந்து வாசலில் நிற்கும் பையன்களுக்கு ஒரு சாரமோ வேட்டியோ பையில் வைத்திருங்கள். கட்டத் தெரியாதவருக்கு இடுப்புப் பட்டியைக் கீழிருக்கும் காற்சட்டையோடு சேர்த்து இறுக்கிவிட்டால் காற்றிலும் மானத்தோடு நிற்கலாம். உள்ளே போகும் ஆண்கள் சேர்ட்டைக் கழற்றிக்கொள்வது வழமை. கோயிலுக்குள் படம் எடுப்பதில்லை.

மேலே போனதும் வாசலில் இருக்கும் பெரிய சிவன் சிலையையும் கோபுரத்தையும் பார்த்துவிட்டு, இதுதான் சம்பந்தர் பாடிய கோயில் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டில் கோணமாமலை என்று பாடியது இதே மலையை, இதே கடலை. அன்றிருந்த கட்டடம் இல்லை. போர்த்துக்கேயர் காலக் குறிப்புகள் இந்த மலைமுனையில் அடிவாரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, உச்சியில் ஒன்று என மூன்று கோயில்களைச் சொல்கின்றன. அவற்றில் எதுவும் நிற்கவில்லை. பழைய கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தைத் தேடிக்கொண்டு சுற்றுபவர்கள் ஏமாறுவது இதனால்தான். இன்றைய கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது 1963இல்.

ஆனால் உள்ளே பழையது ஒன்று உண்டு, அதைத்தான் தேடிக் கும்பிடவேண்டும். 1950இல் நகரசபை கிணறு வெட்டியபோது மண்ணுக்குள்ளிருந்து செப்புத் திருமேனிகள் வெளிவந்தன. கோயில் இடிபடும் முன்பு அடியார்கள் புதைத்துக் காத்தவை. சோமாஸ்கந்தரும் அம்பாளும் முந்நூறு ஆண்டுக்கு மேல் நிலத்தடியில் இருந்துவிட்டு, ஊர்வலமாகச் சென்று, 1952இல் மீண்டும் எழுந்தருளினார்கள். கடலடியில் கிடந்த தூண்களையும் செதுக்கிய கற்களையும் 1956இல் சுழியோடிப் பார்த்தவர்கள் ஆங்கில எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவரது நண்பர் மைக் வில்சனும். திருமேனியைக் காட்டும்போது இந்த விவரம் தெரிந்திருந்தால் பிள்ளைகள் பேசாமல் நின்று பார்ப்பார்கள். இறைவன் கோணேசர், அம்பாள் மாதுமையாள். வெள்ளிக்கிழமைப் பின்னேரம் சனம் நிறைய. நடுப்பகல் பூசை முடிந்தால் நடை சாத்திவிடுவார்கள், பின்னேரம்தான் திறப்பார்கள்.

இராவணன் வெட்டு கோயிலுக்கு வெளியே, பாறையின் ஓரத்தில். நோயுற்ற தாய்க்காக இராவணன் மலையோடு கோயிலைப் பெயர்க்க முயன்றபோது வாள் பட்ட பிளவு என்பது ஐதீகம். பக்கத்தில் இராவணன் சிலை இப்போது நிற்கிறது, அதைக் கண்டால் பிள்ளைகள் வெட்டை மறந்துவிடுவார்கள். கம்பிக்கு இப்பால் நின்று கீழே பாருங்கள். கடல் முந்நூறு அடிக்கு மேல் கீழே இருக்கிறது. அலை பிளவுக்குள் புகுந்து வரும் ஓசையைக் கேட்க ஒரு நிமிடம் எல்லோரையும் பேசாமல் நிற்கச் சொல்லுங்கள். தேங்காய்ப் பாதி, போத்தல், பூச்சரம் எதையும் கீழே எறியக்கூடாது. கீழே தோணிகள் வரும், சுழியோடிகள் இறங்குவார்கள்.

பின்னேரம் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்க வெட்டில் வந்து நிற்பவர்கள் பலர். இது கிழக்குக் கரை. சூரியன் முதுகுக்குப் பின்னால், நகரத்துக்கு அப்பால் மறையும். இங்கே பார்க்கவேண்டியது உதயம். ஆண்டு முழுவதும் 5.45க்கும் 6.30க்கும் இடையில் கடலிலிருந்து எழும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் கடல் அமைதியாக இருந்தால் தொலைநோக்கியால் திமிங்கிலம் ஊதும் நீர்த்தூவலையும் இந்தப் பாறையிலிருந்தே காணலாம். கரைக்கு மிக அண்மையிலேயே கடல் ஆழமாக விழுவதால் நீலத் திமிங்கிலம் இவ்வளவு கிட்ட வருகிறது.

பாறை உச்சியில் ஒரு தூணைக் காட்டி, காதலன் கப்பலேறிப் போனதும் குதித்து இறந்த ஒல்லாந்தப் பெண் பிரான்சினா வான் ரீடேயின் கதையைச் சொல்வார்கள். தூணில் அவளது பெயரும் 1687 ஏப்ரல் 24 என்ற தேதியும் இருக்கின்றன. குதித்த செய்தி அதில் இல்லை. அதன் பின்னும் அவள் உயிரோடிருந்து மணம் முடித்ததை ஒல்லாந்தர் ஆவணங்கள் காட்டுகின்றன. மாமி கண்கலங்கினால் இதைச் சொல்லித் தேற்றுங்கள்.

அம்மம்மாவுக்கு: வாசலில் கல்வெட்டைப் பார்த்த பின் அங்கிருந்து ஓட்டோவில் ஏற்றிவிடுங்கள், கடைவரிசை வரை போகும். கூலியை ஏறும் முன் பேசுங்கள், திரும்பி வருவதையும் சேர்த்துப் பேசினால் நல்லது. அதற்கப்பால் படிகள் உண்டு, ஒருவர் கையைப் பிடிக்கவேண்டும். கோட்டைக்கும் கோயிலுக்கும் நுழைவுக் கட்டணம் இல்லை. தண்ணீரை வாசலிலேயே வாங்குங்கள். காலைச் சாப்பாட்டை இறங்கி வந்து நகரத்தில் சாப்பிடுங்கள், மேலே கொண்டுபோனால் மானுக்கும் குரங்குக்கும்தான் விருந்து. இறங்கும் வழியில் மைதானத்துக்கு அருகே பத்திரகாளி அம்மன் கோயில் இருக்கிறது. செருப்புக் கழற்றிய கால்தானே, அங்கேயும் ஒரு கும்பிடு போட்டுவிடலாம்.

கன்னியா வெந்நீரூற்றையும் அதே நாளில் சேர்க்க விரும்பினால், எட்டுக் கிலோமீற்றர்தான், ஆனால் வெயில் ஏறிய பிறகு போகாதீர்கள். ஏழு சிறு கிணறுகள், ஒவ்வொன்றிலும் சூடு வேறு. நீந்துவதற்கு ஏதோ தடாகம் இருக்கும் என்று நீச்சலுடையோடு வருபவர்கள் திகைத்து நிற்பார்கள். வாளியால் மொண்டு ஊற்றிக் குளிக்கும் இடம் அது. பெண்கள் குறுக்குக்கட்டு கட்ட மாற்றுடை எடுத்துப் போகட்டும். சூடு குறைந்த கிணற்றில் தொடங்கினால் உடம்பு பழகும். பின்னேரம் நாலரைக்குப் பிறகு போனால் வானுக்குள் ஈரத்துணி காயக் கொஞ்சம் காற்றும் இருக்கும்.